பதினாலு நெற்றிப்பட்டமும் ஒரு ரயிலும்

மாடல் ரயில் கட்டுவது பொழுதுபோக்கு என்று அதைக் கட்டாதவர்கள்தான் சொல்வார்கள். கட்டுகிறவருக்கு அது ஆட்சி. எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றை மேஜைமேல் போட்ட மாத்திரத்தில் மனிதர் ராஜாவாகிவிடுகிறார். மலை எங்கே, ஆறு எங்கே, எந்த ஊரில் வண்டி நிற்கும், எந்த ஊரை மதிக்காமல் போகும் எல்லாம் அவர் இஷ்டம். பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் சேர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. நீலப் பெயின்ட் ஒரு கோட் அடித்தால் வேம்பநாட்டுக் காயல். குடிமக்கள் முக்கால் அங்குல உயரம். மனுக் கொடுக்க மாட்டார்கள், கட்டண உயர்வுக்குக் கொடி பிடிக்க மாட்டார்கள்.

இந்த வியாதியைப் பரப்பியவர்கள் ஜெர்மானியர்கள். பொம்மை ரயில் அதற்கு முன்பும் இருந்தது. 1891ல் மார்க்லின் கம்பெனி லைப்சிக் சந்தையில் தண்டவாளத்துக்கு ஒரு அளவை நிர்ணயித்து, வண்டி தனி, பாதை தனி, வளைவு தனி, ஸ்டேஷன் தனி என்று பிரித்து விற்க ஆரம்பித்தது. வாங்கி முடிக்கவே முடியாத பொம்மை! இப்படி ஒரு யோசனை எந்த நகைக்கடைக்காரருக்கும் தோன்றவில்லை. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920ல் தன் ரயில்களோடு வந்து, தப்பித்திருந்த அப்பாக்களையும் பிடித்துக்கொண்டார்.

நம் ராஜாக்கள் சும்மா இருப்பார்களா? குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா சாப்பாட்டு மேஜைமேல் தண்டவாளம் போட்டார். ஜெய் விலாஸ் அரண்மனையில் விருந்தாளிகள் உட்கார்ந்தால் வெள்ளி ரயில் ஒன்று சுருட்டும் மதுவும் ஏற்றிக்கொண்டு அவர்கள் முன்னால் வலம் வரும். குப்பியைத் தூக்கினால் வண்டி நிற்கும், வைத்தால் நகரும். இந்திய மண்ணில் பயணி கேட்ட இடத்தில் நின்ற ரயில் அது ஒன்றுதான்.

கொச்சி ராஜாவுக்கு இந்த மேஜை வேலையெல்லாம் பிடிக்கவில்லை. உலகம் முழுக்க மாடல் ரயில்காரர்கள் பெரும்பாலும் புழங்குவது 1:87 என்ற அளவு, அதாவது நிஜத்தில் 87 அடி இருப்பது மேஜையில் ஓரடி. ராஜா 1:1 என்ற அளவில் கட்டுவது என்று முடிவு செய்தார்.

1895ல் பட்டத்துக்கு வந்தவர் பதினைந்தாம் ராம வர்மா. சமஸ்கிருத பண்டிதர். பின்னாளில் ‘ராஜரிஷி’ என்று பெயர் வாங்கியவர். ரிஷிக்கு ரயில் ஆசை எதற்கு என்று கேட்பீர்கள். வடக்கே ஷொர்ணூரில் மதராஸ் ரயில்வேயின் வண்டி பல வருஷங்களாக ஊதிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பாரதப்புழைக்கு அந்தக் கரையில் பிரிட்டிஷ் மலபார். இந்தக் கரையில் கொச்சி. பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருக்கும் பொம்மையை வேலி வழியே பார்த்துக்கொண்டிருப்பது ராஜாவானாலும் கஷ்டம்தான்.

திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. நம் ராஜாஜி இல்லை, அவர் அப்போது மாணவர். இவர் வேறு. 1896 முதல் கொச்சிக்கும், பிறகு திருவிதாங்கூருக்கும் திவானாக இருந்த தமிழர். ஷொர்ணூரிலிருந்து எறணாகுளம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதை. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், கஜானா இடித்தது. பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் அது. அந்த இடத்தில் சாமானிய மனிதன் மனைவியின் கழுத்தைப் பார்ப்பான். ராஜா யானையின் நெற்றியைப் பார்த்தார்.

திருப்பூணித்துறை பூர்ணத்ரயீச கோயில் உற்சவத்தில் பதினைந்து யானைகள் வரிசைகட்டி நிற்கும். பதினைந்துக்கும் தங்க நெற்றிப்பட்டம். அதில் பதினாலை ராஜா விற்றுவிட்டார் என்பதுதான் கொச்சியில் இன்றைக்கும் சொல்லப்படும் வரலாறு. ஒன்றை ஏன் விட்டுவைத்தார்? சுவாமி ஏறும் யானை வெறும் நெற்றியோடு போனால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்கலாம். மற்ற பதினாலு யானைகளிடம் சம்மதம் கேட்டதாகப் பதிவு இல்லை. யானைக்கு மறதி கிடையாது என்பார்கள். அவை அந்த உற்சவத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தால் நியாயம்தான்.

1902 ஜூன் 2ஆம் தேதி சரக்கு வண்டி ஓடியது. ஜூலை 16ஆம் தேதி மனிதர்களை ஏற்றினார்கள். முதலில் மூட்டை, பிறகு மனிதன் என்ற இந்த மரியாதை வரிசையை ரயில்வே இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

இனிமேல்தான் வேடிக்கை. ஷொர்ணூர் வரை வந்த மதராஸ் ரயில்வே அகலப்பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். கொச்சிக்காரர்கள் போட்டது மீட்டர் பாதை, 1,000 மில்லிமீட்டர். செலவு குறையும் அல்லவா? மாடல் கடையில் ஹார்ன்பி எஞ்சினையும் வேறு அளவுப் பாதையையும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு மோட்டுவளையை வெறிக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு சமஸ்தானமே அதைச் செய்தது. பலன், மதராஸிலிருந்து வருகிறவர் ஷொர்ணூரில் பெட்டி, படுக்கை, கூஜா, குழந்தைகள் எல்லாவற்றையும் இறக்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். மிளகு மூட்டைகளுக்கும் அதே கதி. முப்பது வருஷத்துக்கு மேல் ஷொர்ணூர் போர்ட்டர்கள் செழிப்பாக இருந்தார்கள். 1930களில்தான் பாதையை அகலமாக்கினார்கள்.

எல்லைச் சிக்கல் வேறு. கொச்சி ராஜா தன் ஊரிலிருந்து தன் ஊருக்குப் போட்ட பாதை நடுவில் அங்கமாலி, ஆலுவா வழியாகப் போகிறது. அவை திருவிதாங்கூர் ராஜாவின் மனை. திருவிதாங்கூரோ கொச்சிப் பக்கமே திரும்பாமல் செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலியோடு சம்பந்தம் வைத்துக்கொண்டது. கொல்லத்துக்கு 1904ல் ரயில் வந்தது, திருவனந்தபுரத்துக்கு 1918ல். ஒரே மொழி பேசும் இரண்டு சமஸ்தானங்கள் ஆளுக்கொரு ரயில் வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்க்காமலே அரை நூற்றாண்டு விளையாடின. ராஜாக்கள் போய், சமஸ்தானங்கள் போய், 1956ல்தான் எறணாகுளத்திலிருந்து கோட்டயத்துக்குப் பாதை வந்தது. வந்ததாவது ஒழுங்காக வந்ததா? எறணாகுளம் அதற்குள் அகலப்பாதைக்கு மாறிவிட்டிருந்தது. புதிதாக வந்தது மீட்டர் பாதை! ஷொர்ணூரில் ஒழித்த கூத்தை எறணாகுளத்தில் மறுபடி அரங்கேற்றினார்கள். 1970களின் நடுவில்தான் அதற்கும் மங்களம் பாடினார்கள்.

ராஜா தன் காலத்திலேயே அடுத்த பலகையையும் விரித்திருந்தார். பறம்பிக்குளம் காட்டில் தேக்கு இருக்கிறது, சாலக்குடியில் ரயில் இருக்கிறது, நடுவில் மலை இருக்கிறது. பொழுதுபோக்கு முற்றிய எவருக்கும் இதைப் பார்த்தால் கை நமநமக்கும். 1907 வாக்கில் எண்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கொச்சின் ஸ்டேட் ஃபாரஸ்ட் டிராம்வே தயார். எஞ்சின் பெர்லினிலிருந்து, ஒரென்ஸ்டைன் அண்டு கோப்பல் தயாரிப்பு. மலைச்சரிவுகளில் எஞ்சினே கிடையாது. மேலேயிருந்து மரம் ஏற்றிய வண்டி கயிற்றில் கீழே இறங்கும். அதன் கனம் கீழேயிருக்கும் காலி வண்டியை மேலே இழுக்கும். நிலக்கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பூமியின் ஈர்ப்புவிசைக்கு அரசாங்க உத்தியோகம் கொடுத்து, சம்பளமில்லாமல் வேலை வாங்கிய ஒரே சமஸ்தானம் கொச்சிதான். மேஜைமேல் இப்படி ஒரு அமைப்பைச் செய்தால் எந்தப் போட்டியிலும் முதல் பரிசு நிச்சயம். லாபம் வருமா என்று போட்டிகளில் கேட்பதில்லை. ஆனால் அரசாங்கத்தில் கேட்டார்கள். கடைசியில் 1963ல் மூடினார்கள். இன்று கேரளத்துப் பறம்பிக்குளத்துக்குக் கேரளத்தார் காரில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். காட்டுக்குள் ரயில் விட்ட ஊர் அது!

ரிஷி 1914ல் ஆட்சியே வேண்டாம் என்று இறங்கிவிட்டார். மன்னர் பதவியிலிருந்து ராஜினாமா செய்வது அபூர்வம். பொழுதுபோக்கில் மூழ்கியவர்கள் ஒருநாள் பலகையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு ‘போதும்’ என்பார்களே, அந்த ரகம்.

இந்தக் கதையில் மட்டாஞ்சேரி எங்கே என்று கேட்டால், எங்கேயும் இல்லை. அதுதான் கதையே. கொச்சி ராஜாக்கள் முடிசூடியது மட்டாஞ்சேரி அரண்மனையில். அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்கள், பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். பெயர் டச்சு அரண்மனை. பெயின்ட் அடித்தவன் பெயரை வீட்டுக்கு வைப்பது அந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது. மிளகு மட்டாஞ்சேரியில், இஞ்சி மட்டாஞ்சேரியில், யூதர், குஜராத்தி, கொங்கணி என்று கணக்குப்பிள்ளை வைத்துக் கணக்கு எழுதிய வியாபாரிகள் எல்லாம் மட்டாஞ்சேரியில். ரயில் மட்டும் காயலுக்கு அக்கரையில் எறணாகுளத்தோடு நின்றுவிட்டது. பணம் மேற்கே, பாதை கிழக்கே, நடுவில் வள்ளம்.

அந்த எறணாகுளம் ஸ்டேஷனும் லேசுப்பட்டதில்லை. 1925 மார்ச்சில் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்காக வந்த காந்தி அங்கேதான் இறங்கினார். அதற்கு மேல் அவரே ஆனாலும் படகுதான். பிறகு வேறு இடங்களில் ஸ்டேஷன்கள் வந்து, பழையது கைவிடப்பட்டது. இப்போது உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் மங்களவனம் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிச் சிதைந்து கிடக்கிறது. கொக்குகளும் வௌவால்களும் வந்து போகின்றன. டிக்கெட் பரிசோதகர் இல்லாததால் அவற்றுக்குச் சௌகரியம்.

ரயிலை மட்டாஞ்சேரிப் பக்கம் நகர்த்த ஒரு வெள்ளைக்காரர் வர வேண்டியிருந்தது. 1920 ஏப்ரலில் ராபர்ட் பிரிஸ்டோ வந்து சேர்ந்தார். அனுப்பியவர் மதராஸ் கவர்னர் வில்லிங்டன். கொச்சித் துறைமுகத்தின் வாயை மணல் திட்டு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நின்று தவிக்கும், சரக்கை வள்ளங்கள் சுமந்துபோய்க் கொடுக்கும். திட்டை வெட்டினால் வைப்பின் தீவின் கரையைக் கடல் தின்றுவிடும் என்று பெரிய பெரிய நிபுணர்கள் பயந்தார்கள். பிரிஸ்டோ கரையோரம் கல்வரிசை போட்டுச் சோதித்துப் பார்த்து, பயமில்லை என்றார்.

தண்ணீர் சரி, நிலத்துக்காரர்கள்? காயலைச் சுற்றி மூன்று ஆட்சி. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷாருடையது. மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி ராஜாவுடையது. ஒரு பக்கம் திருவிதாங்கூர். துறைமுகம் வருவதற்கு முன்பே அதன் சுங்க வருமானத்தை எப்படிப் பங்கு போடுவது என்று பேச ஆரம்பித்து, வருஷக்கணக்கில் பேசினார்கள். பிளைவுட் வாங்குமுன் மூன்று பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் உலகத்தில் ஒரு மாடல் ரயிலும் ஓடியிருக்காது.

கடைசியில் தூர்வாரும் கப்பல் வந்தது. கப்பலின் பெயர் லார்ட் வில்லிங்டன். அது மண்ணை உறிஞ்சி எடுத்தது. எடுத்த மண்ணை எங்கே போடுவது? மாடல் ரயில்காரர் மிஞ்சிய பிளாஸ்டர் ஆப் பாரிஸை வீணாக்க மாட்டார், அதில் ஒரு குன்று செய்வார். பிரிஸ்டோ ஒரு தீவு செய்தார். பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் காயலுக்கு நடுவே சுமார் 780 ஏக்கர் புது நிலம். அதன் பெயரும் வில்லிங்டன். மண்ணை எடுத்ததும் வில்லிங்டன், எடுத்த மண்ணும் வில்லிங்டன். மேலதிகாரியை எப்படிக் குளிர்விப்பது என்பதை இன்றைய அலுவலகங்கள் பிரிஸ்டோவிடம் பாடம் கேட்கலாம்.

1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிறகு தீவுக்கும் எறணாகுளத்துக்கும் இடையே வெண்டுருத்திப் பாலம். 1940களில் கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் ஸ்டேஷன். அந்தப் பக்கம் மட்டாஞ்சேரிக்கு ஒரு பாலம். படகு வந்தால் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடும் ரகம். தூக்குப் பாலம், கப்பல், ரயில், தன் கையால் செய்த தீவு. ஒரு பொழுதுபோக்குக்காரர் கனவில் கேட்பது அத்தனையும் மனிதருக்கு அரசாங்கச் செலவில் கிடைத்தது. இருபது வருஷம் விளையாடிவிட்டு 1941ல் ஊர் திரும்பினார்.

மட்டாஞ்சேரிக்கு ரயில் வந்துவிட்டதா? அங்கேதான் ரயில்வே தன் நகைச்சுவை உணர்வைக் காட்டியது. பாதை தீவோடு முடிந்தது. ஆனால் ‘மட்டாஞ்சேரி ஹால்ட்’ என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. மட்டாஞ்சேரியில் இல்லாத மட்டாஞ்சேரி ஸ்டேஷன்! இறங்குகிறவருக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் தண்ணீர். மாடல் ரயில்காரர்கள் சின்னப் பலகையில் ஊரின் பெயரை எழுதி, இடம் இருக்கும் மூலையில் நட்டுவைப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் ஹார்பர் டெர்மினஸுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. கப்பலிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து கப்பலுக்கும் சரக்கு மாறும். கோவை, திருச்சிக்காரர்கள் மறக்காத டீ கார்டன் எக்ஸ்பிரஸ் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் கிளம்பியது. பிறகு ஊர் எறணாகுளத்துப் பக்கமே வளர்ந்தது. நீண்ட தூர வண்டிகள் எறணாகுளம் ஜங்ஷனோடு நின்றுகொண்டன. வெண்டுருத்தி ரயில் பாலம் பழுதாகி, 2000களில் தீவுக்குப் போக்குவரத்து அறுந்தது. 2018ல் ஜங்ஷனுக்கும் டெர்மினஸுக்கும் இடையே ஒரு டெமு வண்டி விட்டுப் பார்த்தார்கள். வண்டி போனது, ஆள் போகவில்லை. கொஞ்ச நாளில் வண்டியும் போகவில்லை.

இதற்குள் இன்னொரு பலகையை விரித்திருந்தார்கள். வல்லார்பாடம் தீவில் கன்டெய்னர் துறைமுகம், அதற்கு இடப்பள்ளியிலிருந்து ரயில் பாதை, நடுவே வேம்பநாட்டுக் காயல்மேல் 4.62 கிலோமீட்டர் பாலம். 2011ல் திறந்தபோது இந்தியாவிலேயே நீளமான ரயில் பாலம் அது. சரக்கு வண்டி மட்டும்தான். பயணிகள் தூரத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் பார்த்துக் கொச்சியை வீட்டில் கட்டலாமே என்று யாருக்காவது தோன்றியிருந்தால், கணக்கு இதோ. 1:87 அளவில் ஷொர்ணூர்–எறணாகுளம் பாதை மட்டும் ஒன்றேகால் கிலோமீட்டர் வரும். வேம்பநாட்டுப் பாலம் 53 மீட்டர். வில்லிங்டன் தீவுக்குப் பத்து சென்ட் மனை வேண்டும், பத்திரச் செலவு தனி. தண்டவாளத்திலும் கவனம் தேவை. கடையில் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பிய அகலம். நம் அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கொச்சி ராஜாவின் மீட்டர் பாதைக்கு 12 மில்லிமீட்டர் போதும், அது கடையிலேயே உண்டு. ஆகவே 1902ஆம் வருஷத்துக் கொச்சியைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். இரண்டு அகலமும் முட்டிக்கொள்ளும் ஷொர்ணூர் பிளாட்பாரத்தை மறக்காமல் வையுங்கள். போர்ட்டர் பொம்மைகளை டஜன் கணக்கில் வாங்குங்கள்.

நான்கு தடவை கொச்சியில் பலகை விரித்தார்கள். காட்டு டிராம்வே இல்லை. தீவு டெர்மினஸில் ரயில் இல்லை. நீளமான பாலத்தில் பயணி இல்லை. யானையின் நெற்றியைச் சுரண்டிப் போட்ட அந்த முதல் பாதை மட்டும் இன்றும் கேரளத்தின் முதுகெலும்பாக ஓடுகிறது. சென்னையிலிருந்து எறணாகுளம் போகிற நீங்களும் நானும் ஷொர்ணூருக்கும் எறணாகுளத்துக்கும் நடுவில் போவது அதன் வழியில்தான். காரணம் எளிது. அது திருச்சூர், சாலக்குடி, ஆலுவா என்று மனிதர்கள் ஏற்கெனவே குடியிருந்த ஊர்களுக்குப் போனது. மற்றவை போட்டவருக்கு அழகாகத் தெரிந்த இடங்களுக்குப் போயின. மேஜைமேல் எங்கே வேண்டுமானாலும் ஸ்டேஷன் வையுங்கள், பெயரை மாற்றி நடுங்கள், தீவு செய்யுங்கள். தரைமேல் போடுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை விற்பதற்கு ஒரே ஒரு நெற்றிப்பட்டம்தான் பாக்கி.